கறுப்பு விளிம்பு வைத்த சமையல் மேடை

லவோன் ரவுத்தியோ, தான் முப்பத்தொன்பது வருடம் சமைத்த சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று சொன்னது ஒரு பிப்ரவரி மாதக் காலையில். வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவள் கணவர் டுவேன் ஏலக்காய் ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது.

"எதை இடிக்கணும்?"

"இதைத்தான்."

"இதுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"இருட்டா இருக்கு."

"பல்பு மாத்தினா போச்சு."

"மாத்திப் பாத்துட்டேன்."

டுவேனுக்கு அறுபத்தொன்பது வயது. மாவட்டச் சாலைத்துறையில் முப்பத்தொரு குளிர்காலம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் யாரையாவது சீண்டாமல் விடமாட்டார். லவோன் அவரைவிட இரண்டு வயது இளையவள். பள்ளிக்கூடப் பேருந்துகள் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை விளக்க வேண்டி வந்தால் அந்த விஷயத்தையே விட்டுவிடுவாள். அந்த வீட்டில் கல்யாணத்திலிருந்து பணி ஓய்வு வரை எல்லாப் பெரிய முடிவுகளும் நாலைந்து வாக்கியங்களில் முடிந்தவைதான். இதுவும் அப்படியே முடிந்தது. மார்ச் மாதம் டுவேன் கடப்பாரையை எடுத்துப் பழைய அலமாரிகளை உடைத்தார்.

உடைப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு லவோன் தேர்ந்தெடுத்த சாமான்கள்தான் பிடிக்கவில்லை.

அலமாரிகளுக்கு வெளிறிய பிர்ச் மரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழ்த்தட்டில் கதவு வைத்த அலமாரியே வேண்டாம், எல்லாம் இழுப்பறைகளாக இருக்கட்டும் என்றாள். அதுவும் சரி, குனிய வேண்டாம். ஆனால் ஒவ்வொரு இழுப்பறைக்குள்ளும் ஒரு விளக்கு கேட்டாள். மேல் அலமாரிகளுக்கு அடியில் ஒரு கை அகலத்துக்கு ஒரு விளக்கு.

"ஏரியில போற இரும்புத்தாதுக் கப்பல் நம்ம வீட்டக் கலங்கரை விளக்கம்னு நெனச்சு நேரா உள்ள வந்துரும்," என்றார் டுவேன்.

"வந்தா காபி குடுப்போம்," என்றாள் லவோன்.

அடுப்பு வாங்கப் போனபோது கடைக்காரர் கண்ணாடிபோல் வழவழவென்றிருந்த ஒன்றைக் காட்டினார். விரல் நுனியால் தொட்டால் போதும், எரியும். லவோன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றிடம் போனாள். கைப்பிடிபோல் தடிமனான சிவப்புக் குமிழ்கள். திருப்பினால் ஒவ்வொரு அளவுக்கும் 'டக்' என்று சத்தம் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை திருப்பிப் பார்த்தாள். அவள் எதையோ ரசிக்கிறாள் என்றுதான் டுவேன் நினைத்தார்.

தரைக்குப் பளபளப்பே இல்லாத லினோலியம் விரிப்பு. பாத்திரம் கழுவும் தொட்டி கரும் சாம்பல் நிறம். சமையல் மேடைக்கு வெள்ளைக் கல். அந்த வெள்ளைக் கல்லின் விளிம்பு முழுவதும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு மாக்கல்லில் ஒரு பட்டை பதிக்கச் சொன்னாள். கல் அறுப்பவர் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மேடை வந்து இறங்கிய அன்று டுவேன் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எங்க அத்தை ஃபின்லாந்துல செத்தப்போ ஒரு கடுதாசி வந்துச்சு. சுத்தியும் கறுப்பு பார்டர். அதை மேடையா செஞ்சு வச்சிருக்க நீ."

"உனக்குப் பிடிக்கலையா?"

"நான் பிடிக்கலைன்னு சொல்லல. இதுல ரொட்டி உருட்டுவாங்களா, இரங்கல் கூட்டம் நடத்துவாங்களான்னு கேக்குறேன்."

லவோன் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள்.

இதெல்லாம் ரசனை வித்தியாசம் என்று டுவேன் விட்டுவிட்டார். ஏப்ரல் கடைசி வாரம் நடந்ததை அப்படி விட முடியவில்லை.

மேடைக்கு மேலே சுவரில் டைல்ஸ் ஒட்ட கர்ட் ஹால்வர்சன் வந்திருந்தார். நார்ட்விக் ஊரில் பாதிக் குளியலறைகள் கர்ட் ஒட்டியவை. சிறிய செவ்வக வடிவ வெள்ளை டைல்ஸ், இடையில் சாம்பல் கோடு. லவோனே கடையில் தேர்ந்தெடுத்ததுதான். மத்தியானத்துக்குள் நான்கு வரிசை ஏறிவிட்டது. லவோன் வந்து நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"கோணலா இருக்கே."

கர்ட் திரும்பினார். "எது?"

"ரெண்டாவது வரிசை. நடுவுல வளைஞ்சு மேல ஏறுது."

கர்ட் ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. "பாருங்க."

"அது என்ன வேணா சொல்லட்டும். எனக்கு வளைஞ்சு தெரியுது."

டுவேன் தன்னுடைய ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கயிறு கட்டிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் இருந்தது. "லவோன், இதுல ஒரு மயிரிழைகூடப் பிசகல."

"அப்போ நான் பொய் சொல்றேனா?" அவள் குரல் உயர்ந்தது. டுவேன் அந்தக் குரலைக் கேட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. "எடுக்கச் சொல்லு. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. கோடு போட்டது எதுவும் எனக்கு இந்தச் சுவத்துல வேண்டாம்."

கர்ட் பசை காயாத டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, துடைத்து, பெட்டியில் அடுக்கினார். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு டுவேனிடம் மட்டும் சொன்னார். "இருபத்தாறு வருஷமா ஒட்டுறேன். நிறம் பிடிக்கலைன்னு சொல்லிருக்காங்க. லேட்டா வந்தேன்னு சொல்லிருக்காங்க. கோணலா ஒட்டினேன்னு யாரும் சொன்னதில்ல."

அதற்குப் பிறகு ஆணிக்கடையில் டுவேனைப் பார்த்தால் கர்ட் அடுத்த அலமாரி வரிசைக்குப் போய்விடுவார். சுவரில் கோடே இல்லாத ஒரே கல்பாளம் ஏறியது. அந்தச் சம்பவத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. டுவேன் மனதுக்குள் மட்டும், வயதாக ஆக இவளுக்குப் பிடிவாதம் ஏறிக்கொண்டே போகிறது என்று முடிவு செய்துகொண்டார்.

மே மாதம் நூலகக் குழுவைச் சேர்ந்த மிரியம் ஸ்டால் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு ஜூனிலும் நூலகத்துக்காக ஊரில் சமையலறை உலா நடக்கும். ஐந்து வீட்டுக்காரர்கள் புதிதாகக் கட்டிய சமையலறையை ஒரு சனிக்கிழமை முழுவதும் திறந்து வைப்பார்கள். ஏரிக்கரை முழுவதிலிருந்தும் ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். எங்கே வாங்கினீர்கள், கறை பிடிக்கிறதா, இப்போது நினைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். அந்த வருடம் நூலகக் கூரை ஒழுகி, குழந்தைகள் புத்தகப் பிரிவு நனைந்திருந்தது.

"நாலாவது வீடா உங்களப் போட்டுக்கறேன் லவோன். மாட்டேன்னு சொல்லாதீங்க," என்றார் மிரியம்.

லவோனுக்கு இஷ்டமில்லை என்பது டுவேனுக்குத் தெரிந்தது. ஆனால் நனைந்த புத்தகங்களைச் சொன்ன பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. மிரியம் ஒரு பெரிய அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். இடது பக்கம் 'என்ன போட்டோம்', வலது பக்கம் 'ஏன் போட்டோம்'. லவோன் அன்று சாயங்காலமே அதைத் தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி முடித்தாள். டுவேன் எடுத்துப் பார்த்தார். இடது பக்கம் பதினோரு வரிகள். வலது பக்கம் பதினோரு தடவையும் 'துடைப்பது சுலபம்'.

"விளக்குகூடத் துடைக்கிறதுக்கா போட்ட?"

"கேக்குறவங்களுக்கு அது போதும்."

உலா நாளன்று காலை பத்து மணிக்கே வாசலில் செருப்புகளும் ஷூக்களும் குவிந்துவிட்டன. லவோன் வாசல் தாழ்வாரத்தில் காபிக் கெண்டியும் எலுமிச்சைக் கேக் துண்டங்களுமாக உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நின்று விளக்குகிற வேலையை டுவேன் தலையில் கட்டினாள். அவருக்கு அதில் கொஞ்சம் குஷிதான். சீண்டுவதற்கு ஊரே உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒருவர் இழுப்பறைகளின் தண்டவாளங்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இருபது தடவை இழுத்து மூடினார். "போதும்யா, உங்களுக்கு ஒண்ணு கழட்டிக் குடுத்துர்றேன், வீட்டுல போய் இழுங்க," என்றார் டுவேன். இளம் தம்பதி ஒன்று கறுப்பு விளிம்பைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "வித்தியாசமா இருக்கு," என்றாள் அந்தப் பெண். அந்த ஊர்ப் பக்கத்தில் அதற்கு மேல் மோசமாக யாரும் ஒரு சமையலறையைத் திட்டமாட்டார்கள். டுவேன் இரங்கல் கடுதாசிக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கும் சொன்னார்.

பதினொன்றரை மணி இருக்கும். டுலூத் நகரத்திலிருந்து வந்திருந்த ஜோலீன் ஓபெர்க் என்ற பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர்களைப்போல் அட்டையைப் படிக்கவில்லை. மேடை விளிம்பின் கறுப்புப் பட்டையில் விரலை வைத்து ஓட்டினார். இழுப்பறை ஒன்றைத் திறந்து விளக்கு எரிவதைப் பார்த்தார். அடுப்புக் குமிழைத் திருப்பி 'டக், டக்' சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு வெட்டுப்பலகைகளையும் பார்த்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"வெங்காயம் வெட்டக் கறுப்பு, கேரட்டுக்கு வெள்ளை. சரியா?"

"ஆமா. எப்படித் தெரியும்?" என்றார் டுவேன்.

"இந்த வீட்ல யாருக்குக் கண் பார்வை குறைவு?"

"யாருக்கும் இல்லையே."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒரு மைல் தூரத்துல மான் நின்னா தெரியும்."

ஜோலீன் மறுபடியும் கறுப்பு விளிம்பைப் பார்த்தார். "இதையெல்லாம் யார் தேர்ந்தெடுத்தது?"

"என் மனைவி. வாசல்ல காபி ஊத்திட்டு இருக்கா. அவ ரசனையே தனி. டைல்ஸ் கதையக் கேளுங்களேன்." டுவேன் கர்ட் கதையையும் ஒரு வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். ரசமட்டம், கயிறு, கர்ட்டின் முகம். முடித்தபோது பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோலீன் சிரிக்கவில்லை.

"நேர்க்கோடு வளைஞ்சு தெரிஞ்சுதா அவங்களுக்கு?"

"அவ அப்படித்தான் சொன்னா."

"எப்ப?"

"ஏப்ரல் கடைசி."

"இப்ப ஜூன் பாதி." அவர் டுவேனின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். "உங்க பேரு டுவேன்தானே? டுவேன், என் வீட்டுக்காரருக்கும் இதேதான். விழித்திரைக்கு நடுவுல கெட்டுப்போற வியாதி. முதல்ல மெதுவாப் போகும். வெளிச்சம் பத்தாது, வெள்ளைமேல வெள்ளை தெரியாது. அதுக்குத்தான் இந்த விளிம்பு, இந்தப் பலகை, எல்லாமே. எங்க வீட்ல நான் இதேமாதிரி கறுப்பு டேப் ஒட்டி வச்சிருக்கேன். ஆனா கோடு வளைஞ்சு தெரிஞ்சா அது வேற. உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அதுக்கு ஊசி இருக்கு. சீக்கிரம் போட்டா காப்பாத்தலாம். எங்க வீட்டுக்காரர் மூணு மாசம் தள்ளிப் போட்டார்."

"தள்ளிப் போட்டு?"

"ஒரு கண்ணு போச்சு."

டுவேன் மேடையைப் பார்த்தார். முப்பத்தொரு குளிர்காலம் பனிப்புயலில் அவர் லாரியைச் சாலையைவிட்டு விலகாமல் காத்தது ஓரத்தில் போட்ட கோடுதான். கோடு தெரிகிறவரை ஓட்டலாம். தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இதையே வீட்டுக்குள் போட்டு வைத்திருக்கிறாள், தான் சுற்றி நின்று நாலு பேரைக் கூட்டிச் சிரித்திருக்கிறோம் என்று தோன்றியது. கோபமும் வந்தது. அது யார்மேல் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அவர் வாசலுக்குப் போய், "லவோன், ஒரு நிமிஷம் பின்பக்கம் வா," என்றார். கெண்டியை மிரியம் வாங்கிக்கொண்டார்.

பின்கட்டுப் படியில் இருவரும் நின்றார்கள். உள்ளே இருபது பேர் அவர்கள் சமையலறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கொட்டகைக் கதவப் பாரு," என்றார் டுவேன். "வலது கண்ணப் பொத்திக்கோ."

"எதுக்கு?"

"பொத்திக்கோன்னா பொத்திக்கோயேன்."

அவள் பொத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "யார் சொன்னா?"

"அப்போ உனக்குத் தெரியும்."

"ரெண்டு வருஷமா தெரியும். டுலூத்ல டாக்டர் பாத்தார். மெதுவாத்தான் போகும், பத்து வருஷம்கூட ஆகலாம்னார்."

"நான் கேட்டது இப்ப. கதவு நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

லவோன் வலது கையைத் தூக்கி வலது கண்ணை மூடினாள். கொட்டகையின் கதவுச்சட்டத்தைப் பார்த்தாள். டுவேன் தன் கையால் செய்து, ரசமட்டம் வைத்துத் தூக்கி நிறுத்திய சட்டம்.

"நடுவுல உடைஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். "நடுவுல கறுப்பா ஒண்ணு வேற இருக்கு. போன வாரத்துலேருந்து."

ஜோலீன் அதற்குள் தன் கணவருக்குப் பார்க்கும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி முடித்திருந்தார். அன்று பொறுப்பில் இருந்த டாக்டர் மூன்று மணிக்குள் வரச் சொன்னார். லவோன் இவ்வளவு பேரை வீட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். திங்கட்கிழமை போகலாம் என்றாள். எலுமிச்சைக் கேக் இன்னும் இரண்டு தட்டு குளிர்பெட்டியில் இருக்கிறது என்றாள்.

"வீட்ட அவங்க தூக்கிட்டா போயிருவாங்க?" என்றார் டுவேன். "தூக்கிட்டுப் போனாலும் போகட்டும். கார்ல ஏறு."

குவிந்து கிடந்த ஷூக்களுக்கு நடுவே லவோன் தன் ஷூவைத் தேடினாள். ஜோலீன் எடுத்துக் கொடுத்தார்.

டுலூத்துக்கு ஒன்றரை மணி நேரம். இடப்பக்கம் ஏரி கூடவே வந்தது. சில்வர் பே ஊரைத் தாண்டினார்கள்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார் டுவேன்.

"சொன்னா கார் சாவிய வாங்கி வச்சிருப்ப."

"ஆமா, வச்சிருப்பேன்."

"அதான் சொல்லல."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"நல்லாவா ஓட்டின, இந்த ரெண்டு வருஷமும்?"

"மழையில ஓட்டல. தெரிஞ்ச ரோட்ல மட்டும்தான் ஓட்டினேன். மார்ச்சுக்கு அப்புறம் சுத்தமா ஓட்டல. நீ கவனிக்கல."

அது உண்மைதான். மார்ச்சிலிருந்து எங்கே போனாலும் அவர்தான் ஓட்டியிருக்கிறார். அவள் சமையலறை வேலையில் களைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"டாக்டர் ஒரு காகிதம் குடுத்தார்," என்றாள் லவோன். "கட்டம் போட்டது. தினமும் ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கணும். வளைஞ்சா உடனே வரச் சொன்னார். மாவு வைக்கிற அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தேன். நீ அதத் திறக்கவே மாட்டியே."

டுவேன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். "கட்டம் போட்ட காகிதமா? நான் அதப் பாத்தேன். உடைக்கிறப்போ. ஏதோ தையல் அளவுக் காகிதம்னு நெனச்சுக் கதவோட சேத்துக் குப்பை வண்டியில போட்டுட்டேன்."

"தெரியும். அதுக்கப்புறம் இன்னொண்ணு கேட்டு வாங்கியிருக்கணும். வாங்கல. டைல்ஸ் வளைஞ்சப்போ..." அவள் நிறுத்தினாள். "டைல்ஸ்தான் கோணல்னு நான் நம்பினேன் டுவேன். நீயும் கர்ட்டும் மட்டம் வச்சுக் காட்டின பிறகுதான் பயம் வந்துச்சு. பயம் வந்ததும் கோபம் வந்துருச்சு."

டுலூத் மருத்துவமனையில் இருந்த டாக்டர் இளம்பெண். படம் எடுத்தார், சொட்டு மருந்து விட்டார், ஊசி போட்டார். கண்ணுக்குள் ஊசி என்று கேட்டதும் டுவேன்தான் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. லவோன் கையை மடியில் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இடது கண்ணில் ஏற்கெனவே கொஞ்சம் தழும்பு விழுந்துவிட்டது, அந்த இடம் திரும்பாது, மற்றதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வலது கண்ணில் கசிவு இல்லை. மாதம் ஒருமுறை வர வேண்டும். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நான் பேச வேண்டியது வேறயா இருந்திருக்கும்," என்றார்.

அவர்கள் வீடு திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. உள்ளே யாருமில்லை. காபிக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தரையைக்கூட யாரோ துடைத்திருந்தார்கள். அட்டையை மிரியம் எடுத்துப் போயிருந்தார். லவோன் ஒரு கண்ணைப் பஞ்சு வைத்து மூடியபடி எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, முந்தின நாள் மிஞ்சிய சூப்பைச் சூடாக்கினாள். டுவேன் எழுந்து உதவப் போனார். "உக்காரு. எனக்கு இது தெரியும்," என்றாள். அவர் உட்கார்ந்தார்.

ஜூலையில் இரண்டாவது ஊசி போட்டுத் திரும்பி வரும் வழியில், கர்ட் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள். கர்ட் வாசலில் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். கார் நிற்பதைப் பார்த்தும் நிமிரவில்லை. லவோன் இறங்கி நேராக அவரிடம் போனாள்.

"உங்க டைல்ஸ் நேராத்தான் இருந்துச்சு."

"தெரியும்," என்றார் கர்ட்.

"என் கண்ணுதான் கோணல்."

கர்ட் சுரண்டியைக் கீழே வைத்தார். "கேள்விப்பட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

"வலது பரவாயில்ல. இடதுல நடுவுல புகை மாதிரி. ஆனா கோடு வளையறது குறைஞ்சிருக்கு."

"அன்னிக்கு ராத்திரி என் வீட்ல சொன்னேன்," என்றார் கர்ட். "அந்தம்மா மொகத்துல வம்பு இல்ல, வேற என்னமோ இருந்துச்சுன்னு. அப்பவே யோசிச்சிருக்கணும் நான். ரோஷம் வந்துருச்சு." அவர் உள்ளே போய்ப் புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து காரின் பின்சீட்டில் வைத்தார். டுவேனைப் பார்த்து, "ஆணிக்கடையில ஒளிஞ்சு ஒளிஞ்சு கால் வலிக்குதுய்யா எனக்கு," என்றார்.

அந்தக் கோடையில் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. உலாவுக்கு வந்தவர்களிடம் ஜோலீன் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். அந்த விளிம்பு என்ன கல்? எந்த விளக்கு? சத்தம் வருகிற அடுப்பு எங்கே கிடைக்கும்? முதல் இரண்டு பேரிடம் லவோன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். மூன்றாவதாகப் பேசியது டூ ஹார்பர்ஸ் ஊரிலிருந்து ஒரு பெண். அவளுக்குச் சர்க்கரையால் பார்வை குறைந்துகொண்டிருந்தது. அவளிடம் லவோன் ஒரு மணி நேரம் பேசினாள். முன்னறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த டுவேனுக்கு எல்லாம் கேட்டது.

"பளபளன்னு தரை போடாதீங்க. வெளிச்சம் பட்டுத் தண்ணி கொட்டியிருக்கிற மாதிரியே இருக்கும், கால் வைக்கப் பயமா இருக்கும்... இல்ல, மாக்கல்லுதான். எண்ணெய் தடவினா நல்லாக் கறுக்கும்... டம்ளர் எல்லாம் கலர்ல வாங்குங்க. கண்ணாடி டம்ளரத் தூக்கிப் போட்டுருங்க." பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் இவ்வளவு அவசரமாக் கட்டினேன்னா... எங்கம்மாவுக்கும் இதே வியாதி. கடைசிப் பதினோரு வருஷம் அவங்க சமையல்கட்டுச் சுவரோரமா ஒரு நாற்காலியில உக்காந்திருந்தாங்க. அடுப்புப் பக்கம் வராதேம்மான்னு நாங்க எல்லாரும் சொன்னோம். நல்லதுக்குத்தான் சொன்னோம். நானும் சொன்னேன். அவங்க ஒரு கேரட்கூட வெட்டல அதுக்கப்புறம். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்னு தோணுச்சு. கண்ணு இருக்கும்போதே கைக்குப் பழக்கிரணும்னு தோணுச்சு."

டுவேன் செய்தித்தாளை மடித்தார். மாமியாரின் அந்த நாற்காலி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சனி ஞாயிறுகளில் போகும்போது வழியில் இருக்கிறதே என்று அதை மாமியாரோடு சேர்த்துச் சுவர்ப்பக்கமாக நகர்த்தி வைத்தது அவர்தான். அந்த அம்மாள் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் எழுந்து வெளியே வந்து கொட்டகைக்குப் போனார். ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த சாலை மஞ்சள் பெயிண்ட் பாதி டப்பா இருந்தது. மேலே காய்ந்திருந்த தோலைக் குத்திக் கிளறினார். வீட்டின் நிலவறைக்கு இறங்குகிற படிகள் பதிமூன்று. அவர்களுடைய சாவ்னா என்கிற நீராவிக் குளியலறை அங்கேதான் இருந்தது. சாம்பல் படி, சாம்பல் சுவர், ஒரே ஒரு பல்பு. டுவேன் மேல்படியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அப்படிச் செய்தால் தானே கீழே மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அடியிலிருந்து ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே மேலேறினார். முட்டி வலித்தது. மேல்படிக்கு வந்தபோது லவோன் கதவருகே நின்றிருந்தாள்.

"நாத்தம் அடிக்குதேன்னு வந்தேன்," என்றாள்.

"ரெண்டு நாள் காயணும். அதுவரைக்கும் கீழ இறங்காத."

"சரி." அவள் குனிந்து கீழே பார்த்தாள். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள். "பதிமூணும் தெரியுது," என்றாள்.

அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கரும் சாம்பல் தொட்டியில் மஞ்சள் பெயிண்டோடு கை வைக்காதே, வெளியே குழாயில் கழுவு என்று உள்ளிருந்து அவள் சத்தம் போட்டாள்.